மூன்று நிறமும் சேர்ந்திருந்தால்

மஜாலயா, கீழ்ப்பாலம் சாவடி
11 மே 1947

ரும்சி அக்காவுக்கு வார்சா எழுதுவது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீ எழுதவில்லை, நானும் எழுதவில்லை. வீம்பில் நாம் இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு மகன் பிறந்திருக்கிறான். வியாழக்கிழமை விடியும்போது பிறந்தான். எனார் நலமாக இருக்கிறாள். பிள்ளைக்கு அப்பாவின் காது, அதே விரிந்த காது. இதை அவரிடம் சொல். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று தெரியும். இருந்தாலும் சொல்.

எங்கள் குடியரசுப் படையில் என்னைச் சிதாரும் ஆற்றுக் கீழ்ப்பாலத்துக் காவல் சாவடிக்குப் பொறுப்பாக வைத்திருக்கிறார்கள். கையெழுத்து நன்றாக இருப்பதால் ஆற்றங்கரைச் சாவடிகள் எல்லாவற்றுக்கும் போகும் உத்தரவுகளை நான்தான் எழுதுகிறேன். டச்சு வாத்தியார் விரலில் அடித்து அடித்துப் பழக்கிய கையெழுத்து, இப்போது டச்சுக்காரனுக்கு எதிராக வேலை செய்கிறது. மார்ச்சில் ஒப்பந்தம் ஆயிற்று, அக்கரை அவர்களுக்கு, இக்கரை நமக்கு, யாரும் யாரையும் சுடக் கூடாது என்றார்கள். அக்கரையில் லாரிச் சத்தம் ஒரு நாளும் ஓயவில்லை. சண்டை வந்தால்கூடத் தேவலாம் போலிருக்கிறது. இந்தக் காத்திருப்பில் இங்கே ஒருவனை ஒருவன் நம்புவதில்லை. பிச்சை கேட்டு வருகிறவனைக்கூட வேவு பார்க்க வந்தவனோ என்று பார்க்கிறோம். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், சோற்றைப் பிசையும்போது என் கை நடுங்குகிறது.

பழையதைக் கிளறக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. போன வருஷம் தென் பாண்டுங் முழுக்க அவரவர் வீட்டுக்கு அவரவரே தீ வைத்துவிட்டுத் தெற்கே நடந்தோம். டச்சுக்காரன் கையில் ஒரு கூரைகூடச் சிக்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தோம். நீ மட்டும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ரயில் பாதையைத் தாண்டி வடக்கே, அவர்கள் பக்கம் போனாய். மச்சானுக்கு ரயில் பட்டறை வேலையை விட மனம் வரவில்லை. சரி. நம் வீட்டுக்கு நான்தான் தீ வைத்தேன். அப்பாவின் தறி உள்ளே இருந்ததும் எனக்குத் தெரியும். வெளியே இழுத்துப் போட நேரமில்லை அக்கா. இதை அவரிடம் சொல்லாதே, சொன்னால் சாக்கு என்பார்.

இதை மார்சி சித்தியிடம் கொடுத்தனுப்புகிறேன். கிழங்கைப் புளிக்க வைத்து இரண்டு கரையிலும் விற்கிறவளை யாரும் தடுப்பதில்லை. இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் அவளிடம் வாங்கித் தின்கிறார்கள். பதிலை அவளிடமே கொடு. கிழங்குக்கு அடியில் இலையோடு இலையாக வைத்துக் கொண்டுவந்துவிடுவாள்.

வார்சா


வட பாண்டுங்
19 மே 1947

தம்பி வார்சாவுக்கு,

உன் கடிதம் புளித்த வாடையோடு வந்து சேர்ந்தது. உள்ளே இருந்ததும் கொஞ்சம் புளிப்புதான். தீ வைத்தவன் புகையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாய். நான் ஒன்றும் டச்சுக்காரன் மடியில் உட்கார்ந்து மாம்பழம் தின்னவில்லை. அப்பாவுக்கு அப்போது நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். உன்னோடு தெற்கே நடந்திருந்தால் பாதி வழியில் அவரைப் புதைத்திருப்போம். இங்கே எங்கள் பாடு இருதலைக்கொள்ளி எறும்பின் பாடு. வாரம் இரண்டு முறை சிப்பாய்கள் தெருவை அடைத்து வீடு வீடாக வருகிறார்கள். தெற்கே யாருக்கு உறவு இருக்கிறது என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. எதிர்வீட்டு டைலரைப் போன செவ்வாய்க்கிழமை ஏற்றிக்கொண்டு போனார்கள், இன்னும் திரும்பவில்லை. உன் மச்சான் தார்யா உன் கடிதத்தை ஒருமுறை படித்துவிட்டு அடுப்பில் போட்டார். சாம்பலையும் கிளறிவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

பிள்ளை விஷயம் கேட்டு அழுதுவிட்டேன். அதை எழுத வெட்கமாக இருந்தது, அதனால்தான் முதலில் திட்டினேன்.

கடிதம் அடுப்புக்குப் போகும் முன்பே அப்பாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். தறி பற்றி எழுதியதை மட்டும் விட்டுவிட்டேன். காது என்று வந்தபோது தன் காதை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் பெட்டியைத் திறந்து அந்தத் துணியை எடுத்தார். உனக்கு நினைவிருக்கும், தறியிலிருந்து கடைசியாக இறங்கியது. நீ தீ வைத்த அன்று அவர் தோளில் கிடந்ததால் அது மட்டும் பிழைத்தது. சிவப்பில் வெள்ளைக் கட்டம், இரண்டு கரையிலும் மூன்று விரல் அகலத்துக்குக் கருநீலம். பேரனை இதில்தான் ஏந்த வேண்டும் என்கிறார். தானே கொண்டுவந்து தருவாராம்.

நான் வேண்டவே வேண்டாம் என்றேன். இந்த வயதில் எப்படி ஆற்றைத் தாண்டுவீர்கள் என்று கேட்டேன். "தறியத்தானே எரிச்சான், ஆத்தையுமா எரிச்சுட்டான்? அது அங்கதான இருக்கும்" என்கிறார். ஒரு வருஷமாக உன் பெயரைச் சொல்லாத மனுஷன் அவர். "அவனப் பாக்கப் போகல, காதப் பாக்கப் போறேன்" என்று வேறு சொல்லிக்கொள்கிறார்.

நீயே எழுதி அவரைத் தடுத்துவிடு. நான் சொன்னால் கேட்க மாட்டார்.

ரும்சி


கீழ்ப்பாலம்
26 மே 1947

அக்கா,

உன் கடிதம் இன்று காலைதான் கிடைத்தது. சித்தியைச் சோறுகூடத் தின்ன விடாமல் திருப்பி அனுப்புகிறேன். அப்பா கிளம்பக் கூடாது. பிடிவாதமாகக் கிளம்பினாலும் அந்தத் துணி அவரோடு வரக் கூடாது. அதை எரித்துவிடு. புதைத்துவிடு. தார்யா மச்சானை விட்டுக் கட்டிப் போட்டாவது அவரை நிறுத்து.

காரணத்தைச் சொல்கிறேன், பதறாதே. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் சேர்ந்தால் டச்சுக் கொடி. அதிலிருந்து நீலத்தைக் கிழித்தெறிந்தால் நம் கொடி. டச்சுக்காரன் அனுப்பும் வேவுக்காரர்கள் ஒருவரையொருவர் அடையாளம் காண இந்த மூன்று நிறத்தையும் உடம்பில் எங்காவது வைத்திருப்பார்கள் என்று ஒரு பேச்சு. முதலில் யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. நானும் முதலில் நம்பவில்லை. ஆனால் மேலிடம் நம்பியது. ஏப்ரலில் என்னை உட்கார வைத்து எழுதச் சொன்னார்கள். "மூன்று நிறமும் சேர்ந்திருந்தால், ஆணோ பெண்ணோ, பிடித்து மேலிடத்தில் ஒப்படைக்கவும்." ஒவ்வொரு சாவடிக்கும் ஒரு பிரதி. எல்லாம் என் கையெழுத்துதான். அழகாக இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

இப்போது யாரும் மேலிடம்வரை கூட்டிக்கொண்டு போவதில்லை. ஆற்றங்கரையோடு முடித்துவிடுகிறார்கள். உத்தரவு வந்த இரண்டாம் வாரம் என் சாவடிக்கு ஒரு மீன்காரன் வந்தான். அவன் கூடையின் வாயை மூன்று நிற நூலால் பின்னியிருந்தது. "ஐயா, இது எம் பொண்டாட்டி பின்னுனது, அவளுக்கு என்ன தெரியும்" என்றான். நான்தான் அவனை இரண்டு பேரோடு அனுப்பினேன். உத்தரவை எழுதியவனே மீறினால் எப்படி என்று நினைத்தேன். அந்த இரண்டு பேர் மட்டும் திரும்பி வந்தார்கள். கூடை இன்னும் சாவடி மூலையில் கிடக்கிறது, யாரும் தொடுவதில்லை.

என் அப்பா என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்களா என்று நினைப்பாய். போன மாதம் ஒரு சாவடித் தலைவன் தன் மைத்துனனுக்காகப் பரிந்து பேசினான். இரண்டு பேரையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு போனார்கள்.

மார்சி சித்திக்கு இதெல்லாம் தெரியும். தன் கூடைக் கயிற்றில் இருந்த நீலப் புரியை அவளே பிரித்து எறிந்துவிட்டாள். அப்பாவுக்குத்தான் தெரியாது. அவருக்கு அது வெறும் துணி.

வார்சா


வட பாண்டுங்
30 மே 1947

வார்சா,

அப்பா புதன்கிழமை விடியற்காலையில் போய்விட்டார். உன் கடிதம் இன்று வெள்ளிக்கிழமைதான் வந்தது. டச்சுக்காரன் சாலையை மூடியிருந்தானாம், சித்தி மூன்று நாள் வழியிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

துணியோடுதான் போயிருக்கிறார். மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை ஊருக்குப் போகிற மாதிரி போனார்.

உன் பாலம் வழியாக அவர் வர மாட்டார். மேல்துறைக்குப் போய் ஓடத்தில் தாண்டப் போவதாகச் சொன்னார். "நான் பெத்தவன் எங்கிட்ட, எங்கிருந்து வர்ற, எங்க போறன்னு கேக்குறத நான் காதால கேக்கணுமா?" என்றார். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தும்விட்டேன்.

மேல்துறையில் யார் இருக்கிறார்கள்? உனக்குத் தெரிந்தவர்களா? எப்படியாவது போ. குதிரை கிடைத்தால் குதிரையில் போ. சித்தி வாசலில் நிற்கிறாள், அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

ரும்சி


கீழ்ப்பாலம்
4 ஜூன் 1947

அக்கா,

உன் கடிதம் ஞாயிறு மதியம் வந்தது. எனாருக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு மேல்துறைக்கு ஓடினேன். நாலு மணி நேர நடை. அங்கே தலைவன் கோமார் என்று ஒருவன். மஜாலயா சந்தையில் வெற்றிலைக் கடை வைத்திருந்தான், உனக்கு முகம் தெரிந்திருக்கும். கெட்டவன் இல்லை. பயந்தவன். இந்த நாளில் அது கெட்டவனைவிட மோசம்.

சாவடிக் கம்பத்தில் என் உத்தரவு ஒட்டியிருந்தது. மழையில் மை ஊறியும் எழுத்துத் தெளிவாக இருந்தது. ஊர்க்கதை பேசுவதுபோலப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, இந்த வாரம் யாராவது மாட்டினார்களா என்று கேட்டேன். ஒரு கிழவர் மாட்டினார் என்றான். எப்போது என்று கேட்டேன். வியாழக்கிழமை என்றான். அவனே சொல்லிக்கொண்டு போனான். கிழவர் தோளில் துணி இருந்ததாம், மூன்று நிறமும் அதில் இருந்ததாம். மேலிடத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னபோது கோமார் என் கண்ணைப் பார்க்கவில்லை.

அவர் எப்படி இருந்தார் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டுவிடுவானோ என்ற பயத்தில் கேட்கவில்லை. "நம்ம உத்தரவு வேலை செய்யுதுண்ணே" என்று முதுகில் தட்டினான். நானும் தலையாட்டினேன். அக்கா, நான் தலையாட்டினேன்.

திரும்பும் வழியெல்லாம் ஆற்றோரமாகவே வந்தேன். நாணல் புதர் ஒவ்வொன்றையும் பார்த்தேன். ஒன்றும் கண்ணில் படவில்லை. அது அப்பாவாக இல்லாமலும் இருக்கலாம். நாளை மறுபடி போய் விசாரிக்கப் போகிறேன். அவர் உடம்பில் என்ன அடையாளம் உண்டு, அன்றைக்கு என்ன உடுத்தியிருந்தார், எல்லாம் எழுது. ஒரு வருஷமாக நான் அவரைப் பார்க்கவில்லை. இப்போது எப்படி இருப்பார் என்றே எனக்குத் தெரியவில்லை.

எனாரிடம் எதுவும் சொல்லவில்லை.

வார்சா


வட பாண்டுங்
8 ஜூன் 1947

வார்சா,

கறுப்புச் சட்டை. பழுப்புக் கைலி. தலையில் வெள்ளைத் தொப்பி, பின்பக்கம் ஒரு தையல் விட்டிருக்கும். இடது கட்டைவிரல் நகம் தட்டையாக இருக்கும், சின்ன வயதில் தறிப் பலகை விழுந்து நசுங்கியது. முன்பல் ஒன்று போன நோன்பில் விழுந்துவிட்டது, அது உனக்குத் தெரிந்திருக்காது. இதற்கு மேல் எழுதினால் ஒரு பிணத்துக்கு அடையாளம் சொல்கிறது போல இருக்கிறது.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நான் அவரைத் தடுத்ததாக எழுதினேன் அல்லவா? முதலில் தடுத்தது உண்மைதான். அதற்கப்புறம் சிப்பாய்கள் மறுபடி வந்தார்கள். தெற்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று மொழிபெயர்ப்பாளன் கேட்டபோது யாருமில்லை என்று தார்யா சொன்னார். மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா உரக்கச் சொன்னார், "எனக்கு ஒரு மகன் இருக்கான், இப்ப ஒரு பேரனும் இருக்கான்." மொழிபெயர்ப்பாளன் நம் ஊர்க்காரன்தான். நல்லவேளை, கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று டச்சுக்காரனிடம் சொல்லிச் சமாளித்தான். அவர்கள் போன பிறகு தார்யா சட்டை நனைந்துபோய் நின்றார். மறுநாள் நானே அப்பாவுக்குக் கட்டுச்சோறு கட்டினேன். துணியை மடித்துக் கொடுத்ததும் நான்தான். நீலக் கரை வெளியே தெரிகிற மாதிரி, அதுதான் அழகு என்று மடித்தேன்.

உன்னையும் தீ வைத்ததையும் ஒரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நமக்குள் சண்டைக்கு ஒன்றும் மிச்சமில்லை. அவர் இருக்கிறாரா இல்லையா, அதை மட்டும் சொல். இல்லை என்றாலும் சொல்.

ரும்சி


கீழ்ப்பாலம்
14 ஜூன் 1947

அக்கா, அக்கா,

அப்பா இருக்கிறார். இதோ எனக்கு எதிரே உட்கார்ந்து, பேரன் காதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

முந்தாநாள் மதியம் வந்தார். வாசலில் நின்று எனார் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார், என் பெயரைச் சொல்லவில்லை. கிளம்பிய அன்றே மேல்துறைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். கடைக்காரி தோள் துணியைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, இதோட போனீங்கன்னா அக்கரை பாக்க மாட்டீங்க" என்று விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அவள் நல்லா இருக்கட்டும். துணியை அங்கேயே விட்டுவிட்டு வரவும் இவருக்கு மனமில்லை. கடைக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் உட்கார்ந்து, இரண்டு கரையிலும் நீலப் பாவு நூலை ஒவ்வொன்றாக உருவியிருக்கிறார். முழுசாக மூன்று நாள். அப்புறம் ஈரத்தில் கிடந்த காய்ச்சல். கடைக்காரி கஞ்சி ஊற்றி வைத்துக்கொண்டாள். காய்ச்சல் விட்டதும் ஓடம் ஏறிவிட்டார். கோமாரின் ஆட்கள் துணியைப் பிரித்துப் பார்த்து, சிவப்பும் வெள்ளையும்தான் என்று சலாம் போட்டு அனுப்பினார்களாம். நூலை அவர் தொப்பிக்குள் சுருட்டி வைத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை.

துணியின் இரண்டு ஓரமும் குஞ்சம் குஞ்சமாகத் தொங்குகிறது. அதில் பிள்ளையைக் கட்டி எனார் தோளில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ எரிச்சது போக மிச்சமிருந்ததை நானே பிரிச்சுட்டேன்டா. போதுமா?" என்றார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து என் தலையில் கை வைத்தார். அந்தத் தட்டை நகத்தை நானும் பார்த்தேன்.

மேல்துறையில் பிடிபட்ட கிழவர் வேறு யாரோ. யாருடைய அப்பாவோ. அதை நினைக்க எனக்கு இப்போது தெம்பில்லை.

நீ நம்ப மாட்டாய் என்று நூலை உனக்கு அனுப்பச் சொல்கிறார் அப்பா. "நான் சாயம் தோய்ச்ச நீலத்த ரும்சி கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவா" என்கிறார். மார்சி சித்தி நாளைக் காலை கிளம்புகிறாள். பாலத்துக்கு எதிரே டச்சு வண்டிகள் வந்து நிற்பதால் பாலத்தை அடைத்துவிட்டோம், அவள் மேல்துறை வழியாகத்தான் போக வேண்டும். வழியில் நம் ஆட்கள் எவரும் தொந்தரவு செய்யக் கூடாது, நம்மவள் என்று தெரிய வேண்டும் என்பதற்காக என் கைப்பட்டையிலிருந்து சிவப்பு வெள்ளை நாடாவை ஒரு சாண் அறுத்து, நூல் சுருளைச் சுற்றி நானே கட்டினேன். ஆற்றைத் தாண்டியதும் நாடாவை அவிழ்த்து எறிந்துவிடச் சொல்லியிருக்கிறேன். சித்தி அதைக் கையில் வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தாள். "இதுல வச்சுத்தான் கொண்டு போகணுமா வார்சா?" என்று கேட்டாள். "நம்ம கொடி சித்தி, இதவிடக் காவல் என்ன இருக்கு, சும்மா போ" என்றேன். சிரித்துக்கொண்டே இடுப்பு முடிச்சில் சொருகிக்கொண்டாள்.

இன்று நடுக்கமில்லாமல் சாப்பிட்டேன் அக்கா. இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன்.

உன் தம்பி வார்சா


வட பாண்டுங்
2 ஜூலை 1947

வார்சா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அப்பாவைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. இல்லை என்றாலும் சொல் என்று எழுதினேனே. ஒன்றும் எழுதாமல் இருப்பதற்கு அதுவே தேவலாம்.

மார்சி சித்தியும் வரவில்லை. நானாகச் சந்தை முழுக்கக் கேட்டேன். கோசு கொண்டுவருகிற ஒருவர் நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மேல்துறையில் கிழங்கு விற்கிறவள் ஒருத்தியைப் பிடித்தார்களாம். இடுப்பு முடிச்சில் மூன்று நிறமும் ஒன்றாகக் கட்டியிருந்ததாம். கூடை இரண்டு நாள் கரையிலேயே கிடந்து, நாய்கள் இழுத்துத் தின்றதைத் தன் கண்ணால் பார்த்தாராம்.

எனக்குப் புரியவில்லை வார்சா. சித்தியைவிட ஜாக்கிரதையான பெண்பிள்ளை உண்டா? கூடைக் கயிற்றில் கிடந்த நீலத்தைக்கூடப் பிரித்து எறிந்தவள் என்று நீயே எழுதினாய். அவளாக அதைத் தொட்டிருக்க மாட்டாள். அவள் நம்புகிற யாரோதான் கொடுத்திருக்க வேண்டும். யார் கொடுத்தது?

இங்கே ரயிலில் டாங்கிகள் வந்து இறங்கியபடி இருக்கின்றன. தார்யா சொல்கிறார், ஒப்பந்தம் இனி பல்லுக் குத்தக்கூட உதவாதாம். அவை போகப்போகிற திசை தெற்கு என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். எனாரையும் பிள்ளையையும் மலைப்பக்கம் அனுப்பிவிடு. இந்தக் கடிதத்தைக் கோசுக்காரரிடம் கொடுக்கிறேன்.

ரும்சி


கீழ்ப்பாலம்
18 ஜூலை 1947

அக்கா,

அப்பா உயிரோடு இருக்கிறார். நலமாக இருக்கிறார். போன மாதமே எழுதினேன், அந்தக் கடிதம் உனக்கு வந்திருக்காது. துணியிலிருந்து நீலத்தை அவரே உருவி எடுத்துவிட்டு வந்து சேர்ந்தார். உனக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று அந்த நூலைச் சித்தியிடம் கொடுத்தனுப்பச் சொன்னார்.

யார் கொடுத்தது என்று கேட்டாய். நான்தான் கொடுத்தேன். நீலத்தை மட்டும் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள். சிவப்பு வெள்ளை நாடாவால் அதைச் சுற்றிக் கட்டியதும் நான்தான். நம் ஆட்களிடமிருந்து அவளைக் காப்பாற்றத்தான் கட்டினேன். அத்தனை பிரதி எழுதினேன் அக்கா, என் கையே கட்டும்போது எனக்கு அது கண்ணில் படவில்லை. அவளுக்குப் பட்டது. கேட்டாள். நான்தான் சும்மா போ என்றேன்.

ஒரு வாரம் கழித்துக் கோமார் வந்தான். முடிச்சை என் மேசையில் வைத்தான். "மூணு நிறமும் ஒரே கட்டுல. இதவிடச் சாட்சி வேணுமாண்ணே?" என்றான். யார் கொடுத்தது என்று கடைசிவரை கேட்டார்களாம், அவள் வாயே திறக்கவில்லையாம். கடிதம் எதுவும் அகப்படவில்லை. ஆற்றில் போட்டாளோ, மென்று விழுங்கினாளோ தெரியாது. என் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொண்டுதான் செத்திருக்கிறாள். என் கைப்பட்டையில் ஒரு சாண் நாடா குறைவாக இருந்தது. நான் அந்தக் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். "யாரா இருக்கும்னு ஒங்களுக்கு எதாச்சும் தோணுதா?" என்று கேட்டான். ஒன்றும் தோணவில்லை என்றேன். எனாரையும் பிள்ளையையும் நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன் என்று எழுதலாம். அது முழு உண்மை இல்லை. எனக்குச் சாகப் பயமாக இருந்தது.

அவன் போன பிறகு மூலையில் கிடந்த மீன்காரன் கூடையை எடுத்து வெளியே வைத்தேன். மறுபடி உள்ளேயே வைத்துவிட்டேன். என் சாவடியில் ஒட்டியிருந்த உத்தரவை மட்டும் கிழித்தேன். மற்ற சாவடிகளில் அது இருக்கிறது.

நாளை முதல் நோன்பு. அக்கரையில் லாரிகள் வரிசையாக மூக்கை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பது இங்கிருந்தே தெரிகிறது. நாளைக் காலை அப்பாவையும் எனாரையும் பிள்ளையையும் மலைக்கு அனுப்புகிறேன். நான் இங்கேதான் இருப்பேன்.

அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு நாளும் கேட்கிறார், ரும்சிக்கு நூல் போய்ச் சேர்ந்ததா, நீலத்தைப் பார்த்து என்ன சொன்னாள் என்று. சேர்ந்துவிட்டது, பதில் வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோசுக்காரர் மலைப்பக்கத்துக்காரர்தான், அவரிடம் கொடுத்தால் அப்பா கைக்குப் போய்விடும். பெரிதாக ஒன்றும் வேண்டாம் அக்கா. நூல் கிடைத்தது, உங்கள் கைச் சாயம்தான், பார்த்ததும் தெரிந்துகொண்டேன் என்று ஒரு வரி எழுது.

வார்சா